சுட்டதை ஏன் 'சம்பவம்' என்று எழுதுகிறார்கள்?

துப்பாக்கிச் சூடு கூட அரசு அறிக்கையில் ஏன் 'அசம்பாவிதம்' ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 'சுட்டார்' என்றால் யார் என்ற கேள்வி உடனே வரும். 'அசம்பாவிதம் நடந்தது' என்றால் மழை பெய்தது மாதிரி, தானாக நடந்ததாகிவிடும்.

எங்கள் குமரி மாவட்டத்துக்கு இது பழகிய வலி. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்களை, சரக்குக் கப்பலில் வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டார்கள். இருவரும் இறந்தார்கள். ஒருவர் எங்கள் மாவட்டத்துப் பையன். சர்வதேச நடுவர் மன்றத்தில் அந்த வழக்கின் பெயரே 'என்ரிகா லெக்ஸி சம்பவம்'. கப்பலின் பெயர் இருக்கிறது, செத்தவர்கள் போன படகின் பெயர் இல்லை.

சரி, விசாரணை முடியும்வரை 'கொலை' என்று எழுதாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் 'சுடப்பட்டு இறந்தார்' என்று எழுதத் தீர்ப்பு வர வேண்டியதில்லை, பிரேதப் பரிசோதனையே போதும்.