விசிட்டிங் காட், பில் புத்தகம், பெயர்ப்பலகை: சமூக ஊடக லோகோக்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் 14 வருடமாக வடிவமைப்பு வேலை செய்கிறேன். விசிட்டிங் காட், பில் புத்தகம், கடதாசிப் பை, கலண்டர் என்று எதை அச்சடிக்க வந்தாலும் இப்போது அடியில் ஒரு வரி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் லோகோக்களுக்கென்று போய்விடுகிறது. அதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

சுன்னாகத்தில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் ஒரு தங்கச்சி கேட்டது: அக்கா, என் காட்டில் பேஸ்புக் லோகோ போட அவர்களிடம் அனுமதி எடுக்கவேண்டுமா? காசு ஏதும் கட்டவேண்டுமா?

காசு இல்லை. உங்களுக்கு அங்கே ஒரு பக்கம் இருந்து, அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்காக மட்டும் காட்டில் லோகோவைப் போடுகிறீர்கள் என்றால் தனியாக அனுமதியும் தேவையில்லை. ஆனால் அந்த லோகோ அவர்களுடைய வர்த்தகக் குறி. ஒவ்வொரு நிறுவனமும் தன் லோகோவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று விதி எழுதி வைத்திருக்கிறது. சரியான கோப்பையும் அங்கேயே இலவசமாகத் தருகிறது. வடிவத்தை மாற்றக்கூடாது, சரிக்கக்கூடாது, நீட்டக்கூடாது, சுற்றிவர இடம் விடவேண்டும், உங்கள் கடையின் பெயரைவிடப் பெரிதாக அது தெரியக்கூடாது, அவர்கள் உங்களுக்கு ஆதரவு தருவதுபோலத் தோன்றக்கூடாது. எல்லா நிறுவனங்களின் விதியும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் காட்டுகளில் பாதிக்கு மேல் இந்தப் பிழைதான். போனில் அந்த லோகோவைத் தொட்டால் பக்கம் திறக்கும். கடதாசியில் தொட்டால் ஒன்றும் நடக்காது. வெறும் லோகோவை மட்டும் போட்டுவிட்டு, கீழே பெயர் எழுதாமல் விட்டால், வாங்குபவர் உங்களை எப்படித் தேடுவார்? 'அம்மன்' என்று தேடிப் பாருங்கள், 'முருகன்' என்று தேடிப் பாருங்கள், எத்தனை கடைகள் வருகின்றன என்று தெரியும். அதனால் லோகோவுக்குப் பக்கத்தில் உங்கள் பக்கத்தின் பயனர் பெயரை முழுதாக எழுதுங்கள். பேஸ்புக்கில் இன்னும் பயனர் பெயர் எடுக்கவில்லை என்றால், அச்சடிக்கக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள். குறைந்தது 5 எழுத்து வேண்டும். இடையில் புள்ளி போட்டாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாற்றி எழுதினாலும் பேஸ்புக் அதை ஒரே பெயராகத்தான் எடுக்கும். பெயரெடுக்காத பக்கத்தின் முகவரியில் வரும் நீளமான இலக்கத்தைக் காட்டில் பார்த்து எவரும் தட்டச்சு செய்யப்போவதில்லை.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு ஐயா: பிள்ளை, எங்கள் காட் முழுக்கத் தங்க நிறம். நீல லோகோ அதற்குள் வடிவில்லை. அதையும் தங்க நிறத்தில் போட்டால் என்ன?

ஐயா, உங்கள் கண்ணுக்குப் படுவது எனக்கும் படுகிறது. தங்க நிறக் காட்டில் நீல வட்டம் இடிக்கத்தான் செய்யும். ஆனால் பேஸ்புக்கின் நிறத்தை உங்கள் கடையின் நிறத்துக்கு மாற்ற விதி இடம் தரவில்லை. நிறத்தில் அச்சடிக்க வசதி இல்லாத இடத்தில் கறுப்பு அல்லது வெள்ளையில் போடலாம். யூரியூப் குறியும் அப்படித்தான், சிவப்பு முடியாவிட்டால் தனிக் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை.

நான் உங்களுக்குச் செய்து தருவதாக இருந்தால் லோகோவையே எடுத்துவிடுவேன். 'பேஸ்புக்' என்று எழுத்தில் எழுதி, அதற்குப் பக்கத்தில் உங்கள் பக்கத்தின் பெயர். எழுத்தாக எழுதும்போது உங்கள் காட்டின் மற்ற வரிகளுக்கு என்ன எழுத்துரு, என்ன நிறமோ அதையே போடலாம், போடவும் வேண்டும். அவர்களுடைய லோகோ எழுத்துருவைப் பார்த்து எழுதுவதுதான் பிழை. ஆங்கிலத்தில் எழுதினால் பேஸ்புக்குக்கு முதல் எழுத்து பெரிய எழுத்து, யூரியூப்பிலும் வட்ஸ்அப்பிலும் இரண்டு பெரிய எழுத்துகள். தங்க நிறமும் கெடாது, விதியும் மீறப்படாது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு ஹாட்வெயார் கடைக்காரர்: 2019இல் அடித்த பில் புத்தகத்தின் டிசைன் இருக்கிறது. அதையே திரும்ப அடிக்கலாமா?

அடிக்கும் முன் அடிவரியைப் பாருங்கள் அண்ணை. டுவிட்டரின் நீலக் குருவி இருந்தால் எடுத்துவிடுங்கள். 2023 ஜூலையில் அது எக்ஸ் என்று மாறிவிட்டது. பேஸ்புக்கின் கடும் நீலச் சதுரமும் பழையது. 2019இலேயே வெளிர்நீல வட்டத்துக்கு மாறினார்கள். இன்ஸ்டாகிராமின் மண்ணிறக் கமரா 2016உடன் போனது. அந்தக் கமரா இன்றைக்கும் சில கடைகளின் பைகளில் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்ப்பவருக்கு இந்தக் கடை பத்து வருடமாக எதையும் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றும்.

அப்புறம், எக்ஸில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இல்லாத கணக்கின் லோகோ ஏன்? வார்ப்புருவில் நாலு லோகோ இருந்தது என்பதற்காக நாலையும் விட்டுவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலிலும் இருக்கிறது. அது எங்கள் பக்கத்துப் பிழை.

மருதனார்மடத்தில் உடுப்புக் கடை: கடை முகப்பில் 12 அடிப் பெயர்ப்பலகை போடுகிறோம். எல்லாரும் பெரிய லோகோ போடுகிறார்கள். நாங்களும் போடலாம்தானே?

இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் பலருக்குத் தெரியாத விதி இங்கேதான் இருக்கிறது. காட், துண்டுப்பிரசுரம் மாதிரிச் சிறியவற்றுக்குச் சொன்னது பெயர்ப்பலகைக்குப் பொருந்தாது. இன்ஸ்டாகிராமின் விதியில், 8.5 × 11 அங்குலத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளுக்கு, மேற்பட்ட அச்சுக்கும், வெளியிட விளம்பரத்துக்கும், வானொலி தொலைக்காட்சிக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும் என்று இருக்கிறது. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதி, பலகை எப்படி இருக்கும் என்ற மாதிரிப் படத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும்.

ஒரு கடைப் பலகைக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றால் நகைக்கடை ஐயாவுக்குச் சொன்ன வழிதான்: எழுத்தில் எழுதுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் போகிற ஒருவர் பலகையைப் பார்க்கும் நேரம் ஒரு சில செக்கன். அந்த நேரத்தில் அவருக்குத் தெரியவேண்டியது கடையின் பெயரும், அங்கே என்ன கிடைக்கும் என்பதும். காசு கட்டி வாங்கிய 12 அடியில் மூன்று அடியை வேறொருவரின் குறிக்குக் கொடுப்பதை நான் எப்போதும் தடுக்கத்தான் பார்ப்பேன். பலகைக்குப் பெயரும் தொலைபேசியும் போதும். கண்ணாடிக் கதவில், கண் மட்டத்தில், ஒரு சிறிய ஸ்ரிக்கரில் பக்கத்தின் பெயரைப் போடுங்கள். நின்று வாசிக்கக்கூடிய இடம் அதுதான்.

கோண்டாவில், பெயர் வேண்டாம் என்றவர்: கூகிளில் எடுத்த லோகோவைக் கொடுத்தேன். அச்சில் மங்கலாக வந்தது. அச்சகத்தின் பிழையா?

பெரும்பாலும் கோப்பின் பிழை. தேடலில் கிடைப்பவை இணையத்துக்கான சின்னப் படங்கள். பெரிதாக்கினால் உடையும். அதோடு யாரோ தன் இஷ்டத்துக்கு வரைந்த லோகோக்களும் அதற்குள் கலந்து கிடக்கும். நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து எஸ்விஜி அல்லது ஈபிஎஸ் கோப்பை இறக்குங்கள். கோடுகளால் ஆனவை என்பதால் எந்த அளவிலும் உடையாது. புள்ளிகளால் ஆன பிஎன்ஜி படம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளியாவது இருக்கவேண்டும்.

நிறம் சற்று மங்குவது வேறு விஷயம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையால் காட்டுகிறது. வட்ஸ்அப்பின் பச்சை திரையில் இருக்கும் பளிச்சோடு கடதாசியில் வராது. அச்சுக்கென்றே நிறுவனம் தந்த நிற அளவு இருந்தால் அதைக் கொடுங்கள். 3.5 × 2 அங்குலக் காட்டில் நான் லோகோவை 4 மில்லிமீற்றருக்குக் கீழே போடுவதில்லை. அதற்குக் கீழே போனால் இன்ஸ்டாகிராம் கமராவின் உள்வட்டம் மையில் அடைந்துவிடும்.

பருத்தித்துறையில் வடகம், மிளகாய்த்தூள் செய்து வெளிநாட்டுக்கும் அனுப்பும் ஒரு அக்கா: பக்கற்றில் வட்ஸ்அப் லோகோ போட்டு இலக்கம் போட்டிருக்கிறேன். கனடாவில் இருப்பவர்கள் கிடைக்கவில்லை என்கிறார்கள். லோகோ பிழையா?

லோகோ சரி, இலக்கம் பிழை. 07 என்று தொடங்கும் இலக்கம் இங்கே இருப்பவருக்கு மட்டும்தான் சரி. முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 போட்டு எழுதுங்கள். வட்ஸ்அப்பின் நேரடி இணைப்பை (wa.me என்று தொடங்கும் முகவரி) அச்சடிப்பதாக இருந்தால் அதில் கூட்டல் குறியும் வராது, பூச்சியமும் வராது, இடைக்கோடும் வராது. 94இல் தொடங்கி இலக்கங்கள் மட்டும்தான்.

கடையில் 021 இலக்கம் ஒன்றும் கைபேசி இலக்கம் ஒன்றும் இருந்தால், எதில் வட்ஸ்அப் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் மட்டும் அந்தக் குறி. பச்சை வட்டத்துக்குள் போன் படம் இருப்பதால் அதை வெறும் தொலைபேசிக் குறியாக நினைத்து இரண்டுக்கும் போடுகிறார்கள். சாதாரணத் தொலைபேசிக்கு வேறு போன் படம் போடுங்கள்.

பக்கற்று என்பதால் இன்னொன்று: லோகோ பின்பக்கத்தில், தொடர்புகொள்ளும் விபரங்களோடு சிறியதாக இருக்கட்டும். முன்பக்கத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் அவர்களும் சேர்ந்து செய்த பொருள் மாதிரி ஆகிவிடும். அந்த லோகோக்களை ரீசேட், கோப்பை, சாவிக்கொத்தில் அடித்து விற்பதும் கூடாது.

நல்லூரிலிருந்து ஒரு தம்பி: லோகோவே வேண்டாம், கியூஆர் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் இல்லையா?

கியூஆர் நல்லதுதான் தம்பி. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது. பாவிக்க எவருக்கும் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் நன்றாகச் சூடு கண்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு 500 கலண்டர் அடித்தோம். கியூஆரை ஓர் இலவசத் தளத்தில் செய்திருந்தோம். அது நேரே பேஸ்புக் பக்கத்துக்குப் போகாமல், அந்தத் தளத்தினூடாகப் போகும் வகை. தைப்பொங்கலுக்கு முன்னமே இலவசக் காலம் முடிந்து, ஸ்கான் செய்தால் காசு கட்டச் சொல்லும் பக்கம் வந்தது. வருடம் முழுக்க 500 சுவரில் அந்தப் பிழை தொங்கியது. கேட்டுப் பார்க்காமல் விட்டது நான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பொறுக்காது.

அதனால் உங்கள் முகவரியையே நேரடியாக உள்ளே வைத்த கியூஆர் செய்யுங்கள். அது காலாவதியாகாது. அளவு 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், சுற்றிவர கியூஆரில் உள்ள சின்னக் கட்டங்களில் நாலின் அகலத்துக்கு வெறும் இடம் விட்டு, வெளிர் நிறத்தின்மேல் கடும் நிறத்தில் போடுங்கள். நடுவில் ஏதாவது குறி வைக்க ஆசைப்பட்டால் பிழைதிருத்த அளவை ஆக உயர்ந்த படியில் வைத்துச் செய்யுங்கள். அந்தப் படியில் ஏறக்குறைய 30 வீதம் மறைந்தாலும் வாசிக்கும். முதல் தாள் வந்தவுடன் இரண்டு மூன்று போனில் ஸ்கான் செய்து பாருங்கள், ஒரு பழைய போன் கட்டாயம்.

கியூஆருக்குக் கீழே 'எங்கள் இன்ஸ்டாகிராம்' என்று ஒரு வரியும், பயனர் பெயரும் எழுதவேண்டும். கல்லாவில் காசு கட்டுவதற்கும் கியூஆர் ஒட்டியிருப்பீர்கள். எது எதற்கு என்று தெரியாமல் ஆக்கள் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலியில் புதிதாகத் தொடங்கப்போகும் ஒருவர்: என் கடைக்கு 'இன்ஸ்டா' என்று தொடங்கும் ஒரு பெயர் வைத்து, லோகோவையும் அந்தக் கமரா மாதிரிச் செய்யலாம் என்றிருக்கிறேன்.

தயவுசெய்து வேண்டாம். லோகோவைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்துவது வேறு, அதை உங்கள் சொந்த அடையாளமாக்குவது வேறு. பெயரின் துண்டை உங்கள் பெயரோடு சேர்ப்பதை இன்ஸ்டாகிராமின் விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. இலங்கையில் வர்த்தகக் குறிகளைப் பாதுகாப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். நீங்களே ஒரு நல்ல பெயரும் குறியும் யோசித்து, கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பெயர் உங்களுடையதாக இருந்தால்தான் நாளைக்கு வேறொருவர் அதை எடுக்கும்போது கேட்க முடியும்.

சில சிறிய கேள்விகள் சேர்த்து: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வட்ஸ்அப் மூன்றுக்கும் பதிலாக மெட்டாவின் லோகோ ஒன்றைப் போடலாமா? கூடாது. 2021 முதல் மெட்டா என்பது கம்பனியின் பெயர். உங்கள் பக்கம் இருப்பது பேஸ்புக்கில். நீல சரிக்குறியைப் பெயருக்குப் பக்கத்தில் அச்சடிக்கலாமா? வேண்டாம். அது அவர்கள் கணக்குக்குக் கொடுப்பது. காட்டில் போட்டால் வாசிப்பவரை ஏமாற்றுவதாகிவிடும். வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோ என்பதால் யூரியூப் குறி போடலாமா? யூரியூப்பில் உங்களுக்குச் சனல் இருந்தால் மட்டும். வீடியோ என்பதற்கான பொதுக்குறி அது இல்லை.

கடைசியாக, மானிப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: எத்தனை லோகோ போடுவது அளவு அக்கா?

எதில் வரும் செய்திக்கு நீங்கள் அன்றைக்கே பதில் போடுகிறீர்களோ அதை மட்டும் போடுங்கள். தையல் கடை வைத்திருக்கும் உங்களுக்கு வட்ஸ்அப் ஒன்றும், தைத்த உடுப்புகளின் படம் போடும் இன்ஸ்டாகிராம் ஒன்றும் போதும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே உயரத்தில், பக்கத்தில் பெயரோடு போட்டு, முதலில் ஒரே ஒரு தாள் அடிக்கச் சொல்லுங்கள். அதை உங்கள் அம்மாவிடம் கொடுத்து, போனில் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்த பிறகு மிச்சம் 500ஐ அடிக்கச் சொல்லலாம்.