எத்தனை அடுப்பு எரிகிறது?

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் துறைத்தேர்வு முடிவு வந்தது. என்னைவிட 14 மதிப்பெண் குறைவாக எடுத்தவர் எனக்கு மேலே போய்விட்டார். பட்டியல் சாதிக்கான இடம். வேலையில் சேரும்போது இட ஒதுக்கீடு வேண்டும், அதை மறுக்கவில்லை. நானே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் வந்தவன்தான். உள்ளே வந்த பிறகும் எதற்கு? எங்களுக்குப் பதவி உயர்வில் ஒதுக்கீடு இல்லையே. அரசியல் சாசனம் 335-ஆவது பிரிவே நிர்வாகத் திறன் கெடக் கூடாது என்கிறது. அவரும் நானும் தினமும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போவோம். இப்போது என்னால் முடியவில்லை. தகுதிக்கு மதிப்பே இல்லையா ஐயா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நாளில் நான் அப்பாவின் தகரப்பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அதில் கிடைத்த ஒரு காகிதத்தால் நாலைந்து நாளாகத் தூக்கம் சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதியவருக்குப் பட்டியலில் தன் பெயர் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வலியில் பொய் இல்லை. ஆனால் அந்த வலியை எடுத்துக்கொண்டு நேராக அரசியல் சாசனத்துக்குப் போனீர்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 335-ஐப் பாதி படித்திருக்கிறீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உரிமையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது, திறன் அதற்குப் பிறகுதான் வருகிறது. பதவி உயர்வில் அவர்களுக்கு மதிப்பெண்ணைத் தளர்த்தலாம் என்று 2000-இல் அதே பிரிவில் ஒரு வரியும் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1992 மண்டல் தீர்ப்பு (பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு) பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்றதால், 1995-இல் 77-ஆவது திருத்தம் கொண்டுவந்து, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பதவி உயர்விலும் ஒதுக்கீடு தரலாம் என்ற 16(4A) பிரிவைச் சேர்த்தார்கள். அதே 1992 தீர்ப்புதான் மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கான உங்கள் 27 சதவீதத்தைக் காப்பாற்றியது. அந்தக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டு, அடுத்த கதவு மற்றவருக்குத் திறக்கும்போது மட்டும் தகுதி என்று கூப்பாடு போடுகிறீர்கள். நியாயமா தம்பி? எங்களுக்கு இல்லையே என்கிறீர்கள். வேண்டுமென்றால் கேளுங்கள், போராடுங்கள், அது தனி வழக்கு. உங்களுக்கு இல்லை என்பதால் அவருக்கும் கூடாது என்று ஆகாது.

சரி, அந்தக் காகிதம். பசலி 1387 (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு, 1977-78) என்று மேலே போட்டு, கார்பன் வைத்து எடுத்த ஒரு மனுவின் நகல். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் புயல் கரையேறியது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா ஆறு மா நிலம் குத்தகைக்கு எடுத்து சம்பா நட்டிருந்தார், மொத்தமும் தண்ணீரில் போய்விட்டது. நிவாரணம் எழுத வந்தவர்கள் இரண்டாம் நம்பர் கணக்கைப் புரட்டினார்கள், அதுதான் அடங்கல். எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிர் செய்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். அப்பா பெயர் இல்லை. பதினெட்டு வருடம் உழுத நிலம். நிலக்காரர் தானே சாகுபடி செய்வதாக எழுதியிருந்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது, அதற்குப் போனாலும் ஆதாரம் கொண்டுவா என்றார்கள். ஆதாரத்துக்கு எங்கே போவது? அதே அடங்கலுக்குத்தான்.

அதை எழுதிய கர்ணத்தை, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்து முத்தான கையெழுத்து. எங்கள் ஊரின் சர்வே எண் அத்தனையும் உட்பிரிவோடு மனப்பாடம். ஜமாபந்தியில் (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) ஒரு பைசா பிசகியதில்லை. நீங்கள் சொல்லும் தகுதியை வைத்துத் தேர்வு நடத்தியிருந்தால் தாலுகாவிலேயே முதலாவதாக வந்திருப்பார். அவர் தாத்தா கர்ணம், அப்பா கர்ணம், பிறகு அவர். கெட்டவர் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடியவர்களின் பெயர் மட்டும் அவர் கணக்கில் இருந்தது. அப்பா அந்தத் திண்ணைக்குக் கீழே, வெயிலில், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். நின்றவர் பெயர் எழுத்தில் ஏறவில்லை. கணக்கில் பிழையே இல்லை, ஆனால் ஊர் பாதி அதில் இல்லை. இதை எந்தத் திறனில் சேர்ப்பீர்கள்?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் என்ற பழைய ஊர்ப் பதவிகள் எல்லாவற்றையும் ஒழித்தது. நிர்வாகமே நாசமாகிவிடும் என்று அன்றைக்கும் பேசினார்கள், திண்ணை திண்ணையாகப் பேசினார்கள். 1921-இல் அரசு வேலையை வகுப்புகளுக்குப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை வந்தபோதும் திறமை போச்சு என்றுதான் சொன்னார்கள். அதை விடுங்கள், அதை எழுதினால் நாள் போதாது.

2018 நவம்பரில் கஜா புயல். கரண்ட் இல்லை, தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது, பள்ளிக்கூடத்தில் சனம் முழுக்க. எங்கள் ஊருக்கு அப்போது இருந்த வி.ஏ.ஓ. (கர்ணம் இடத்தில் வந்த கிராம நிர்வாக அலுவலர்) ஒரு பெண். பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வந்தவர், அம்மா நடவுக்குப் போகிறவர். மூன்றாம் நாள் ஒரு நோட்டோடு வாய்க்கால் கரைக்கு நடந்தே வந்தார். புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்கள் பட்டா இல்லையே, ரேஷன் கார்டு நனைந்துவிட்டதே என்று ஆரம்பித்தார்கள். அதெல்லாம் அப்புறம் என்றார். ஒவ்வொரு குடிசை வாசலிலும் ஒரே கேள்விதான்: “இங்கே எத்தனை அடுப்பு எரியுது?”

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு கூரை, ஒரு கார்டு, மாமியார் பெயரில். உள்ளே மருமகள் தனியாக உலை வைக்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளை. கார்டைப் பார்த்து எழுதினால் ஒரு குடும்பம். அடுப்பைப் பார்த்து எழுதினால் இரண்டு. அவர் இரண்டு என்று எழுதினார். சாய்ந்து கிடந்த தென்னையைக் காட்டி, நிலம் யாருடையது என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி எந்த குரூப் 4 கைடிலும் இல்லை தம்பி. அவர் அம்மா வீட்டில் இருந்தது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பெண் வந்திருந்தால் அப்பா அந்த மனுவை எழுதியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

ஒதுக்கீட்டில் வந்தவர் எல்லோரும் இப்படியா என்பீர்கள். இல்லை. அதே தெருவிலிருந்து வந்து கூச்சமில்லாமல் காசு வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன். முதல் மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டா இருக்கிறோம்?

அந்த வி.ஏ.ஓ. வந்து எழுதினார், சரி. அதற்கு மேலே தாலுகா, கலெக்டர் ஆபீஸ், அதற்கும் மேலே என்று போகப் போக, “அடுப்பாவது, கார்டு நகலைக் கொண்டுவா” என்று அடித்துவிட்டுப் போக ஒருவர் உட்கார்ந்திருந்தால் கீழே எழுதியதற்கு என்ன மரியாதை? பதவி உயர்வில் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குத்தான். வாசலில் விட்டு வராந்தாவிலேயே நிறுத்திவைப்பதற்கு இட ஒதுக்கீடு என்று பெயர் இல்லை. 2019-இல் கர்நாடகச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது, பல தரப்பு மக்களுக்கும் இடம் இருப்பதையும் சேர்த்துத்தான் நிர்வாகத் திறனை அளக்க வேண்டும் என்று. தேடிப் படியுங்கள். இந்தத் தடவை முழுதாகப் படியுங்கள்.

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள், சோர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு வயதும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது.

அப்புறம் அந்த டீ. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே உறுத்தியது அந்த ஒரு வரிதான். பதினோரு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதர். பதவி உயர்வு வந்த அன்றே கூட டீ குடிக்க வருகிறவர் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவர் இதை எத்தனை தடவை பார்த்திருப்பார்? திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நீங்களே போய்க் கூப்பிடுங்கள். அன்றைக்குக் காசு நீங்கள் கொடுங்கள்.

அன்புடன்.