பெட்ரோல் விலை ஏறினால் ஆளுங்கட்சி தோற்றுவிடுமா?

பெட்ரோல் விலை உயர்ந்தால் ஆளுங்கட்சி தோற்றுவிடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உண்மை. பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை.

மற்ற பொருள்களைப் போல எரிபொருள் விலை ஒளிந்திருப்பதில்லை. சாலையோரத்தில் பெரிய எழுத்தில் தொங்குகிறது. டேங்க் நிரம்பும் அந்த இரண்டு நிமிடமும் நமக்கு வேறு வேலை கிடையாது. மீட்டரில் பணம் லிட்டரை முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தே ஆக வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அப்புறம் லாரி வாடகை ஏறி, காய்கறி விலையும் ஏறும்போது அந்த எரிச்சல் இரட்டிப்பாகும்.

கச்சா எண்ணெய் விலையை உலகச் சந்தை முடிவு செய்கிறது. பெரும்பாலான அரசுகளின் கையில் இருப்பது வரிதான். வாக்காளர் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. 1979 ஈரான் புரட்சிக்குப் பின் அமெரிக்க பங்க்குகளில் நீண்ட வரிசை. 1980 தேர்தலில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தோற்றார். ஈரானில் அமெரிக்கர்கள் பணயக்கைதிகளாகப் பிடிபட்ட விவகாரமும் பணவீக்கமும் சேர்ந்து வந்த தோல்வி அது, பெட்ரோல் மேல் மட்டும் பழி போட முடியாது.

2022 ஜூனில் அங்கே சராசரி விலை கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 5 டாலரைத் தொட்டது. நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலுக்குள் கணிசமாக இறங்கியது. ஆளுங்கட்சி மேலவையான செனட்டைத் தக்கவைத்தது. என் கணிப்பில், விலை எவ்வளவு என்பதைவிட வாக்குப்பதிவுக்கு முந்தைய சில மாதங்களில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். தேர்தல் நெருங்கும்போது எரிபொருள் வரியைக் குறைக்கும் அரசுகளுக்கும் இது நன்றாகத் தெரியும்.