டிராயிங் மாஸ்டர் பதில்கள்

கேள்வி: மாஸ்டர், இரண்டாம் உலகப்போர் கால சோவியத் சுவரொட்டிகளில் ஹிட்லரைக் கோணல்மாணலாக வரைந்துவிட்டு, பக்கத்திலேயே ரஷ்யச் சிப்பாயை லட்சணமாக வரைந்திருக்கிறார்களே, ஒரே தாளில் இது ஒட்டுமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: ஒட்டக்கூடாது என்றுதானே அப்படி வரைந்தார்கள்! குக்ரினிக்ஸி என்ற ஒரே பெயரில் கையெழுத்துப் போட்ட சோவியத் கேலிச்சித்திரக்காரர்கள் மூன்று பேர்: குப்ரியானோவ், கிரிலோவ், சொகோலோவ். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்ததும் அவர்கள் போட்ட முதல் சுவரொட்டியைப் பாருங்கள். இரு நாடுகளும் போட்டுக்கொண்ட 'சண்டை வேண்டாம்' ஒப்பந்தத்தைக் கிழித்துக்கொண்டு ஹிட்லர் தலையை நீட்டுகிறான். முகமூடி கழன்றுவிட்டது. சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி சாய்வாக வந்து அந்த மண்டையில் இறங்குகிறது. அந்தச் சாய்கோட்டைப் பிடித்துக்கொண்டே நம் கண்ணும் போகும். சிப்பாய் முகத்தையும் கேலியாக்கியிருந்தால் குத்து வெறும் கூத்தாகியிருக்கும். (காரைக்குடிச் சுவர்களில் நான் தேர்தல் படம் எழுதிய காலத்திலும் இதே கதைதான். எதிர்க்கட்சிக்காரர் மூக்கை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். நம்ம தலைவர் மூக்கில் கைவைத்தால் கூலி வராது!)

ஆனால் எல்லா இடத்திலும் கேலி செல்லாது. 1942இல் விக்டர் கொரெட்ஸ்கி என்ற சோவியத் சுவரொட்டிக் கலைஞர் செய்த 'செஞ்சேனை வீரனே, காப்பாற்று!' படத்தில் குழந்தையை அணைத்தபடி ஒரு தாய். அவர்களை நோக்கி ரத்தக்கறையோடு ஒரு துப்பாக்கி முனைக் கத்தி. பிடித்திருப்பவன் படத்திலேயே இல்லை. அவனுக்கு ஒரு கோமாளி மூஞ்சி போட்டிருந்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார், பயம் போய்விடும். போட்டோவை வைத்தே அதை அமைத்ததும் அதனால்தான் என்பது என் கட்சி. கேலிச்சித்திரக்காரர்களில் எனக்குக் குக்ரினிக்ஸிதான் உசத்தி. ஆனால் இந்த ஒரு படத்துக்கு முன்னால் அவர்கள்கூட நிற்க முடியாது.

கேள்வி: சோவியத் செய்தி நிறுவனமான டாஸின் பெயரில் 'டாஸ் சாளரம்' என்று பெரிய பெரிய சுவரொட்டிப் படங்களாக மாஸ்கோவில் வைத்தார்களாமே, அவற்றை எப்படிப் பிரதி எடுத்தார்கள்? எங்கள் தரைக்கல் (டைல்ஸ்) அச்சு மாதிரியா?
- டைல்ஸ் பட்டறைக்காரர், ஆத்தங்குடி

பதில்: பாதி சரி. உங்கள் அச்சில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வண்ணம், எல்லாம் ஒரே நடையில் ஊற்றிவிடுவீர்கள். அவர்களுடையது ஸ்டென்சில். ஒரு வண்ணத்துக்கு ஒரு அட்டை வெட்டி, தாளில் வைத்துப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் அடுத்த அட்டை. நிழல், சாயல் எல்லாம் வேண்டுமென்றால் ஒரே படத்துக்கு டஜன் கணக்கில் அட்டை வேண்டியிருக்கும். 1941 ஜூன் கடைசியில் தொடங்கிப் போர் முடியும்வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை இப்படிக் கையாலேயே போட்டுத் தள்ளினார்கள். அச்சு மையில் வராத தடித்த வண்ணம் அவற்றில் இருப்பது அதனால்தான்.