ஆறு கதைக்கும் பதில் இல்லை, நோட்டு பரணுக்குப் போய்விட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளியில் மாவட்ட அளவில் சிறுகதைக்கு முதல் பரிசு வாங்கிய உங்கள் மகள், பத்திரிகைகளுக்கு அனுப்பிய ஆறு கதைகளுக்கும் பதில் வராததால் நோட்டுகளைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பி.காம். சேர்க்காமல் தமிழ் இலக்கியத்தில் சேர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று உங்களையே நொந்துகொள்ளவும் செய்கிறீர்கள். அந்தக் கவலையை முதலில் விடுங்கள். இலக்கியம் படித்திருந்தாலும் அந்த ஆறு கதைகளுக்குப் பதில் வந்திருக்காது.

பல பத்திரிகைகள் தேர்வான கதைக்கு மட்டும்தான் தகவல் சொல்லும், அதுவும் மாதக்கணக்கில் கழித்து. பள்ளிப் போட்டி அப்படியல்ல. காலையில் எழுதினால் மாலையில் மைக்கில் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த வேகத்துக்குப் பழகிய பிள்ளைக்கு மௌனம் என்றாலே தோல்விதான். என்னிடம் வருபவர்களில் கோப்பைகளாக வாங்கிக் குவித்தவர்கள்தான் முதலில் துவண்டுபோகிறார்கள்.

பாராட்டுக்கு ஏங்குவது தப்பில்லை. நான் எழுதியது அச்சில் வந்தால் யாராவது போன் செய்கிறார்களா என்று நானும் காத்திருப்பேன். ஆனால் அது எப்போது வரும் என்று கணக்குப் போட முடியாது. கரிசல்காட்டு விவசாயியான கி. ராஜநாராயணன் முப்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். சாகித்ய அகாதெமி விருது 1991-ல் கிடைத்தபோது எழுபதை நெருங்கியிருந்தார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமிக்கு அந்த விருது கடைசிவரை தரப்படவே இல்லை. அதனால் அவரைப் படிப்பவர்கள் குறைந்துவிடவில்லை.

முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதல் அதே அகாதெமி யுவ புரஸ்கார் தருகிறது. தொகை 50,000 ரூபாய். நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு மொழிக்கு வருடத்துக்கு ஒருவர். அதை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

காசு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அவளும் தெரிந்துகொள்ளட்டும். ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதம். 200 ரூபாய் புத்தகம் 500 பிரதி விற்றால் கைக்கு வருவது 10,000 ரூபாய். பெரும்பாலான புதியவர்களுக்கு 500 பிரதி விற்பதே பெரிய காரியம். அதனால்தான் தமிழில் எழுதியவர்களில் பலர் வேறு வேலையில் இருந்தார்கள். அகிலன் ரயில்வே அஞ்சல் பிரிவில் இருந்தார், இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார்.

ஆகவே பி.காம். முடியட்டும். அப்புறமும் கதவு மூடிவிடாது. எந்தப் பட்டம் படித்தவரும் எம்.ஏ. தமிழில் சேர இடம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. இதழியல் பட்டயப் படிப்புக்கும் அப்படித்தான். இன்னொன்று, வரி, காப்பீடு, வங்கிக் கடன் பற்றிப் பிழையில்லாத, புரிகிற தமிழில் எழுத ஆள் கிடைப்பது கஷ்டம். நிறுவனங்களின் தமிழ் விளம்பரத்தையோ படிவத்தையோ ஒருமுறை வாசித்துப் பாருங்கள், தெரியும். வணிகவியலும் நல்ல தமிழும் சேர்ந்த ஒருத்திக்கு மொழிபெயர்ப்பிலும் பத்திரிகையிலும் வேலை இருக்கும். முதலில் சம்பளம் சுமார்தான். வேலை தேடும்போது சம்பளத்தோடு, மாலையில் அவளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சுமா என்றும் பாருங்கள்.

அவளுக்கு இப்போது தேவை தேர்வுக்குழு அல்ல, ஒரு வாசகர். "இந்த இடத்தில் எனக்கு போரடித்தது" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒரு ஆள். கல்லூரித் தமிழ்த்துறையிலோ ஊர் நூலக வாசகர் வட்டத்திலோ அப்படி ஒருவர் கிடைப்பார். திரும்பவும் கதை அனுப்பும்போது, அனுப்பிய தேதியை ஒரு காகிதத்தில் குறித்துவிட்டு அடுத்த கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். தபாலை எதிர்பார்த்து உட்காரும் நாட்கள்தான் ஆளைத் தின்னும்.

சாப்பாடு, தூக்கம், தோழிகள் எல்லாவற்றையும் அவள் ஒதுக்குவதாகத் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது கதை சம்பந்தப்பட்டதாக இருக்காது.

கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அந்த ஆறு கதைகளில் ஒன்றையாவது நீங்கள் படித்ததாக ஒரு வரி இல்லை. பரணிலிருந்து நோட்டை இறக்கித் தரச் சொல்லுங்கள். படித்துவிட்டு, "இதுக்கு பரிசு கிடைக்குமா?" என்று கேட்டுவிடாதீர்கள். கதையில் வருகிற அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று கேளுங்கள்.