ஈகோ ஜாஸ்தி யாருக்கு?

கேள்வி: என் மகன் கல்லூரியில் சைக்காலஜி படிக்கிறான். வீட்டுக்கு வந்தால் ஃப்ராய்டு புராணம்தான். என் அப்பாமேல் எனக்கு ஆழ்மனசில் கோபமாம். 'அப்படியெல்லாம் இல்லைடா' என்றால், 'மறுக்கிறீங்க பாருங்க, அதுதான் ஆதாரம்' என்கிறான். அவனுக்கு ஈகோ ஜாஸ்தி. மூன்று வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்ததால்தான் இப்படி ஆகிவிட்டான். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் சொன்னதை டெல்டாக்காரன் ஏன் சுமக்க வேண்டும்? சோற்றுக்குக் குறைவில்லாத எங்கள் மண்ணில் அந்தக் காலத்தில் மனநோய் ஏது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி)

பதில்: உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். 'ஆழ்மனசு' என்கிறீர்கள். 'ஈகோ ஜாஸ்தி' என்கிறீர்கள். பாட்டி வீட்டில் கழிந்த மூன்று வருஷத்தை இருபது வயதுப் பையனின் குணத்துக்குக் காரணமாகக் காட்டுகிறீர்கள். வியன்னா டாக்டர் ஃப்ராய்டைச் சுமக்க மாட்டேன் என்று எழுதிய அரைப் பக்கத்தில் மூன்று மூட்டை அவர் சரக்கு.

அதில் ஈகோ மூட்டை வழியில் கிழிந்துவிட்டது. 1923-இல் அவர் எழுதியது 'தாஸ் இஷ்'. ஜெர்மனில் சாதாரணமாக 'நான்' என்பது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் லத்தீனுக்குப் போய் அதை ஈகோ ஆக்கினார்கள். நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அது திமிர் ஆகிவிட்டது. ஃப்ராய்டின் 'நான்' திமிர் பிடித்தது இல்லை, பாவம். கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி அது. 'இப்பவே வேணும்' என்று ஒரு பக்கம் ஆசை இழுக்கும், 'அதெல்லாம் கூடாது' என்று இன்னொரு பக்கம் கண்டிப்பு அதட்டும், வாசலில் ஊர் உலகம் நிற்கும். மூன்றையும் சமாளித்துச் சோறு போட வேண்டும்.

சரி, ஃப்ராய்டின் வைத்தியம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். வியன்னாவில் 1880-இல் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயதுப் பெண் படுக்கையில் கிடந்த அப்பாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது நோயில் விழுந்தார். கை மரத்தது, பேச்சு குழறியது. அடுத்து ஒரு வெயில் காலத்தில் தண்ணீரே குடிக்க முடியவில்லை. டம்ளர் உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். ஆறு வாரம் பழத்தைத் தின்றே காலம் தள்ளினார். வைத்தியம் பார்த்த யோசஃப் ப்ராயர் அவரை அறிதுயிலில், அதாவது ஹிப்னாடிச மயக்கத்தில், பேசவிட்டார். ஒருநாள் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் துணைக்கு இருந்த அம்மாள் தன் நாயை டம்ளரிலேயே தண்ணீர் குடிக்கவிட்டிருக்கிறாள். பெர்த்தாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மரியாதை கருதி வாயைத் திறக்கவில்லை. இதைக் கோபம் தீரக் கொட்டியதும் தண்ணீர் கேட்டு, டம்ளர் உதட்டில் இருக்கும்போதே கண் விழித்தார் என்று ப்ராயர் எழுதியிருக்கிறார். இதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்ததும் பெர்த்தாதான். டாக்டர் இல்லை, நோயாளி!

மரியாதைக்காக வாயை மூடியவள் நம் பக்கத்தில் இல்லையா? சின்ன வயதில் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து பேசாத ஒரு மருமகள், உடுக்கை அடித்ததும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாமியாரை 'ஏண்டி' என்று அழைத்து, அடகு போன சங்கிலி எங்கே என்று கேட்டாள். சுற்றி நின்ற கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் காலையில் அதே பெண் குனிந்த தலை நிமிராமல் வாசல் தெளித்தாள். சங்கிலி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ப்ராயரோடு சேர்ந்து 1895-இல் புத்தகம் போட்ட ஃப்ராய்டு, நோயாளியைப் பேசவிட்டு ஆழ்மனசைத் தோண்டும் வைத்தியத்துக்கு அடுத்த ஆண்டு உளப்பகுப்பாய்வு என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார். அந்தப் புத்தகத்தில் பெர்த்தா குணமானதாக இருக்கிறது. நிஜத்தில் 1882-இல் அவரை சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்க வேண்டியிருந்தது. பிற்பாடு தேறி, 1904-இல் யூதப் பெண்களுக்கு ஓர் அமைப்பைத் தொடங்கி நடத்தினார். முதல் கேஸிலேயே இப்படி இடிக்கிறது என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்.

அவன் உங்களிடம் ஆடுகிற ஆட்டமும் பழையது. நீங்கள் ஆமாம் என்றாலும் அவனுக்கு ஜெயம், இல்லை என்றாலும் அவனுக்கே ஜெயம். எப்படியும் தோற்காத கொள்கை விஞ்ஞானம் ஆகாது என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னார், அவரும் வியன்னாக்காரர்தான். ஃப்ராய்டின் மறுபேச்சு கேட்காத பிடிவாதத்துக்கு டோரா சாட்சி. அப்பாவின் நண்பர் தன்னிடம் தப்பாக நடந்ததாகச் சொன்ன 18 வயதுப் பெண். வீட்டில் நம்பவில்லை. ஃப்ராய்டு நம்பினார், ஆனால் உள்ளுக்குள் உனக்கே அந்த ஆள்மேல் ஆசை என்று சாதித்தார். பதினோரு வாரத்தில் டோரா எழுந்து போய்விட்டாள். எங்கோ கோட்டை விட்டதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஏன் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்? அவரை மறுத்தவர்களும் அவர் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பதால். உள்ளே திரும்பிய கோபம்தான் மனச்சோர்வு என்ற ஃப்ராய்டின் கருத்தைச் சோதிக்க, அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் நோயாளிகளின் கனவுகளைச் சேகரித்தார். கோபத்தைத் தேடிய இடத்தில் இழப்பும் தோல்வியும்தான் கிடைத்தன. அங்கிருந்து அவர் கிளப்பியதுதான் இன்று டாக்டர்கள் 'சிபிடி' என்கிற, நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்த ஜான் பௌல்பியும் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவரே. உங்கள் பாட்டி வீட்டுக் கவலை அவருடைய பேட்டை. ஆனால் அன்பான பாட்டியிடம் வளர்ந்தால் பிள்ளை கெடும் என்று அவர் சொல்லவில்லை.

'வெள்ளைக்காரன்' என்கிறீர்கள். ஃப்ராய்டை அவர் ஊரில் யூதன் என்றுதான் பார்த்தார்கள். 1938-இல் 82 வயதில் லண்டனுக்கு ஓட வேண்டியிருந்தது. கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கி, உங்கள் தியரி இங்கே இந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்று அவருக்கே கடிதம் எழுதினார். 75-ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலையும் சங்கத்திலிருந்து போனது. சண்டையும் சீரும் சேர்ந்தே!

சோறு இருந்தால் மனநோய் இல்லை என்ற வாதம் மட்டும் வேண்டாம். கல்லணைக்கு மேலே குணசீலம் பெருமாள் கோயிலில் புத்தி பேதலித்தவர்களை 48 நாள் தங்க வைத்து, முகத்தில் தீர்த்தம் தெளித்து அழைத்துப் போகும் வழக்கம் யாருக்காக வந்தது? திருவிடைமருதூர் கோயில் கிழக்கு வாசலில் பிரம்மஹத்தி உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். குதிரைக் காலில் மிதிபட்டு ஒருவர் இறந்துபோன பழி வரகுண பாண்டியனைத் துரத்தி வந்ததும், அதை வாசலில் விட்டுவிட்டு அவன் வேறு வாசல் வழியே போனதும் தெரிந்த கதைதானே. இதை வைத்து 'ஃப்ராய்டு சொன்னதெல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்தது' என்று கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்வது, அந்த உருவத்தைச் செய்துவைத்த ஊர் மனசின் வலி தெரியாத ஊர் இல்லை என்பது மட்டும்தான்.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: டோரா ஏன் எழுந்து போனாள்? அவன் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.