சுற்று கூடினால் காந்தம் கூடுமா?

வாசகர் கேள்வி – பதில்: மின்சாரமும் காந்தமும்

கே: இரும்பு ஆணியில் 50 சுற்று செம்புக் கம்பி சுற்றி ஒரு பென்டார்ச் செல்லில் இணைத்தேன், குண்டூசிகள் ஒட்டின. 100 சுற்றாக்கியும் இரண்டு மடங்கு ஒட்டவில்லையே, ஏன்? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

ப: மின்காந்தத்தின் பலம் சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. அதை மின்னோட்டத்தால் பெருக்கி வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கம்பி நீண்டால் மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும்.

கணக்கே போட்டுவிடலாம். 28 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) எனாமல் கம்பிக்கு, அதாவது மின்சாரம் கடத்தாத பூச்சுள்ள செம்புக் கம்பிக்கு, மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.15 ஓம். 50 சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் பிடிக்கும். செல்லின் அகமின்தடையை (செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை) 0.25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.4 ஓம், 1.5 வோல்ட்டுக்கு 3.75 ஆம்பியர். பெருக்கினால் 188. நூறு சுற்றில் மொத்தம் 0.55 ஓம், 2.7 ஆம்பியர், பெருக்கினால் 270. ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை!

இன்னொரு சந்தேகமும் உண்டு. இவ்வளவு மின்னோட்டம் சின்ன செல்லுக்கு மிக அதிகம். முதல் சோதனையிலேயே செல் தளர்ந்திருந்தால் ஒப்பீடே தப்பு. ஐந்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள், கம்பியும் சுடும். ஒரே மாதிரியான இரண்டு புது செல்களைப் பக்க இணைப்பில் (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை) சேர்த்தால் சுமை பாதியாகப் பிரியும்.

அடுத்த அடுக்கு சுற்றும்போது கம்பி ஆணியின் மறுமுனைக்குத் திரும்பி வரலாம். ஆனால் சுற்றும் திசை மாறக் கூடாது; மாறினால் ஓர் அடுக்கின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தீர்களா என்றும் பாருங்கள். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று வரும் கடிதங்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

கே: செல்லைக் கழற்றிய பிறகும் சில குண்டூசிகள் விழாமல் தொங்குகின்றனவே?

ப: உங்கள் ஆணி எஃகு. எஃகு காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேனிரும்பு உடனே விட்டுவிடும். பெரியவர் ஒருவரைக் கொண்டு ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டுச் சுற்றினால் குறையும். துத்தநாகம் பூசிய ஆணியை மட்டும் சுடவே கூடாது, அந்தப் புகை கெடுதல்.

கே: மின்னோட்டம் ஓடும் கம்பி திசைகாட்டி ஊசியைத் திருப்பும் என்று காட்டும் ஆயர்ஸ்டெட் சோதனையைச் செய்தோம். பல்பு எரிகிறது, திசைகாட்டி ஊசி அசையவில்லை. (பள்ளி அறிவியல் மன்றம்)

ப: கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்திருப்பீர்கள். அப்போது ஊசி இருக்கும் இடத்தில் கம்பியின் காந்தப்புலம் வடக்கு தெற்காக, அதாவது ஊசி ஏற்கெனவே நிற்கும் கோட்டிலேயே அமையும்; பக்கவாட்டில் திருப்ப எதுவும் இல்லை. கம்பியை ஊசிக்கு நேர் மேலே, ஊசிக்கு இணையாக, வடக்கு தெற்காக வையுங்கள்.

பல்பும் ஒரு தடைதான். ஒரு ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் புலம் 20 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). டார்ச் பல்பு வழியே கால் ஆம்பியர்தான் போகிறதென்றால் அது 5 ஆகிவிடும். ஊசியை வடக்கு தெற்காக நிறுத்தும் பூமியின் கிடைமட்டக் காந்தப்புலமோ பல இடங்களில் 20 முதல் 40 வரை. ஊசி பத்து, பதினைந்து டிகிரி திரும்பினாலே அதிகம். பல்பை எடுத்துவிட்டு ஓரிரு விநாடி மட்டும் கம்பியை நேரடியாகத் தொட்டுப் பாருங்கள், நன்றாகத் திரும்பும். செல்லின் முனைகளை மாற்றினால் எதிர்ப்பக்கம் திரும்பும். 1820இல் ஆயர்ஸ்டெட் கண்டதும் இதைத்தான். மேசையில் இரும்புக் கால் இருந்தால் தள்ளி வையுங்கள். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது.

கே: எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் ஓடுகின்றனவா?

ப: இல்லவே இல்லை. 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது அவை விநாடிக்குச் சுமார் 0.07 மி.மீ. நகர்கின்றன; ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் சுவிட்சைப் போட்டதும் மின்புலம் கம்பி முழுக்க உடனே பரவி, பல்பின் இழைக்குள் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களையே நகர்த்துகிறது. சுவிட்சிலிருந்து எதுவும் வந்துசேர வேண்டியதில்லை.